வட்டவிதானை விட்ட பீடி

பீடியை விட்ட பிறகு ஸைனுலாப்தீன் விதானையாருக்கு மூக்கு திரும்பி வந்தது. வந்த மூக்கு சும்மா இருக்கவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேலாகச் செத்துக் கிடந்த மூக்கு அது. பக்கத்து வளவில் திருக்கைக் கருவாடு காய்ந்தாலும் அவருக்குத் தெரியாது. வாய்க்காலுக்குள் எலி செத்து ஊதிக் கிடந்தாலும் தெரியாது. இப்போது மருமகன் நளீம் தலைக்கு எதையோ பூசிக்கொண்டு முன்னறையை விட்டு வெளிக்கிட முன்னமே பின்னறையில் இவருக்குத் தும்மல் வந்துவிடுகிறது. மகள் றுஸ்னா மீன் ஆணத்துக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருக்கும்போதே, பால் புளித்துவிட்டது என்று படுத்த இடத்திலிருந்து சொல்கிறார். வாயில் வைத்துப் பார்த்தால் புளித்துத்தான் இருக்கிறது. றுஸ்னாவுக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

அந்த மூக்கில்தான் ஒரு மத்தியானம் பீடி மணத்தது.

கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே வயல் பக்கமிருந்து வெக்கையும் புழுதியும் ஊருக்குள் ஏறி, கல்முனைக்குடி ஒழுங்கைகளில் கிடந்த கடதாசியையும் சருகையும் கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. விதானையார் வலது காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கூரைத் தகடு படபடத்தது. அதற்குள் ஒரு இழை மணம் வந்தது. ஒழுங்கையால் போகிறவனின் சிகரெட் இல்லை. இது அவருடைய பீடி. பெற்ற பிள்ளையின் குரல் மாதிரி அதை அவருக்குத் தெரியும். வீட்டு வளவுக்குள் இருந்துதான் வந்தது.

எழும்பிக் காலை ஊன்றி வெளியே வருவதற்குள் மணம் இல்லை. கச்சான் அதையும் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது.

"இந்த வளவுக்க ஆரோ பீடி குடிக்கிறானுகள்," என்றார் மனைவி நாச்சியாவிடம்.

நாச்சியா புடைத்துக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கு எந்நேரமும் அந்த நெனப்புத்தான்," என்றாள்.

அது மெய்தான். ஆனால் நினைப்புக்கு மணம் கிடையாது.

*

விதானையார் என்றால் வட்டவிதானை. வட்டை என்கிற வயல்வெளிக்குள் எவனுடைய வயலுக்கு எப்போது தண்ணீர் பாய்வது என்று பங்கு வைக்கிற ஆள். கரைவாகு வட்டையில் அவரைத் தெரியாத வரம்பு இல்லை. பெரும்போகத்தில் அந்த வேலை லேசு. மழை எல்லோருக்கும் பங்கு வைத்துவிடும். சிறுபோகத்தில்தான் மனிசனின் குணம் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் சுண்டிப்போன நேரம், ஆள் இல்லாத பொழுதில் எவனாவது அடுத்தவனின் வக்கடையை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவான். வக்கடை என்பது வரம்பில் தண்ணீருக்கு விட்ட வாய். விதானையார் பின்னேரம் போய் வக்கடை வாயில் சேற்றைக் குழைத்து, கொத்தனார் சுவருக்குப் பூசுகிற மாதிரி வழவழவென்று பூசிவிட்டு வருவார். விடிய வந்து பார்ப்பார். காலடி ஆருடையது, மண்வெட்டி ஆருடையது என்று அதில் எழுதி இருக்கும். படிக்கத் தெரியாத அவர் படித்த எழுத்து அதுதான்.

அதிலும் பிடிபடாவிட்டால் பள்ளிவாசல். வயல்காரர் எல்லோரையும் கூட்டி, குர்ஆனைத் தொட்டு, நான் வெட்டவில்லை என்று சத்தியம் வாங்குவது அந்த வட்டை வழமை. ஒருவன் தொட மறுத்தால் அவன்தான் கள்ளன், அதோடு முடிந்தது. மற்றவர்கள் தொடத் தேவையில்லை. எழும்பி வீட்டுக்குப் போகலாம்.

இப்படி வாழ்ந்த ஆளுக்கு ஒருத்தனையும் நம்புகிற பழக்கம் இல்லை. நம்பினால் வட்டை காய்ந்துவிடும்.

கால் விஷயத்தில் டொக்டரையும் அவர் நம்பவில்லை. போன போகத்தில் மண்வெட்டி நுனி பட்டுப் பெருவிரலில் ஒரு புண். மஞ்சள் அரைத்துப் பூசினார், வேப்பெண்ணெய் வைத்தார். புண் ஆறவில்லை, விரல் கறுத்துக்கொண்டு வந்தது. நளீம்தான் கூட்டாளியின் காரைப் பிடித்துப் பெரிய ஆசுபத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனான். டொக்டர் கணுக்காலை அமத்திப் பிடித்துக்கொண்டு நாடி தேடினார். தேடித் தேடிக் கடைசியில், "பீடியா, சிகரெட்டா?" என்று கேட்டார். புகை, காலுக்கு இரத்தம் போகிற குழாயைச் சுருக்கிவிட்டதாம். பீடி நின்றால் புண் ஆறலாம். நிற்காவிட்டால் முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. ஒரு பீடிகூடக் கூடாது. ஒளித்துக் குடித்துவிட்டு மருந்தும் குடிக்கிற ஆட்களோடு மினக்கெடத் தனக்கு நேரம் இல்லை, அப்படியென்றால் வெட்டுகிற நாளைத் தந்துவிடுவேன் என்றார்.

வெளியே வந்து இவராகத்தான் அதை விளங்கிக்கொண்டார். தலைவாய்க்கால் தூர்ந்தால் கடைசி வயல் காயத்தான் செய்யும். அது சரி. ஆனால் வெட்டுகிறவனுக்கு வெட்டத்தானே ஆசை இருக்கும்.

பக்கத்து அறையில் ஆகிலா என்று ஒரு தாதி மிஸி, தம்பிலுவில் பக்கத்துப் பிள்ளை, பீடியை விடுகிற வழி சொல்லிக் கொடுத்தாள். ஆசை அலை மாதிரி வருமாம், கொஞ்ச நேரத்தில் அதுவாக வடியுமாம். வடியும் மட்டும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேணும், கராம்பு ஒன்றை வாயில் போட வேணும், கைக்கு ஒரு வேலை கொடுக்க வேணும். தேத்தண்ணியோடு பீடி குடித்த இடத்தில் இனித் தேத்தண்ணி குடிக்கக் கூடாது, இடத்தை மாற்ற வேணும். முதல் கிழமைகளில் தலையிடி வரும், நித்திரை வராது, இருமல் கூடும், எல்லார் மேலும் கோபம் வரும். அது பீடி கேட்கிற கோபம், ஆளின் கோபம் இல்லை என்று வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள் என்றாள். பிறகு ஒரு மட்டைக்குள் அடைத்த சுவிங்கம் மாதிரி ஒன்றைத் தந்தாள்.

"இத ரொபி மாதிரி மென்டு முழுங்கப்படாது ஐயா. மெல்லமா மென்டு, காரம் வந்த உடனே கன்னத்துக்குள்ள ஒதுக்கி வைக்கோணும். பீடியில இருக்கிற அந்தச் சாமான் கொஞ்சம் இதுலயும் இருக்கு. ஆசையை அமத்தும்."

"பீடிய விடச் சொல்லிப் போட்டு பீடியத்தானே தாறீங்க."

"புகை இல்லாம, ஐயா. காலக் கெடுக்கிறது புகைதான்."

விதானையார் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பெனியன் பெட்டிக்கு அடியில் போட்டவர் பிறகு அதைத் தொடவே இல்லை. கள்ளனைப் பிடிக்கக் கள்ளனையே காவலுக்கு வைக்கிற யோசனை அவருக்குச் சரிப்படவில்லை.

வெளிக்கிடும்போது மிஸி கடைசியாக ஒன்று கேட்டாள். "வீட்டில வேற ஆரும் குடிக்கிறாங்களா? ஒராள் விட்டு ஒராள் குடிச்சா விட ஏலாது."

"எங்கட வீட்டில குடிக்கிற ஆள் நான் ஒருத்தன்தான்," என்றார்.

*

அந்த வீட்டை இனி எங்கட வீடு என்று சொல்லலாமா என்பதிலும் அவருக்குச் சந்தேகம் உண்டு. வீடு றுஸ்னாவின் சீதனம். ஊர் வழக்கப்படி மகளுக்கு எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளையை வீட்டுக்கு எடுத்து, தானும் நாச்சியாவும் பின்னறைக்கு ஒதுங்கியாயிற்று. றுஸ்னாவுக்கு முன்பக்கம் காஸ் அடுப்பு. நாச்சியாவுக்குப் பின்வளவில் பழைய குசினி, தகடு போட்டது, மூன்று கல் அடுப்பு. விறகில் வேகாத மீன் மீனில்லை என்பது அவள் கட்சி. நளீம் பஸாரில் போன் கடை வைத்திருந்தான். மரியாதையான பிள்ளைதான். அந்த மரியாதைதான் விதானையாருக்குப் பிடிபடவில்லை. நாலு பேச்சுப் பேசுகிற மருமகன் என்றால் உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியும். இவன் எதற்கெடுத்தாலும் "ஓம் மாமா" என்றான்.

பீடியை விட்ட அன்று, மிஞ்சிக் கிடந்த கட்டு ஒன்றை எடுத்து நாச்சியாவின் கையில் கொடுத்து, "அடுப்பில போடு," என்றார். அவ்வளவுதான். அதைப் பற்றிப் பிறகு நினைக்கவில்லை.

மிஸி சொன்னபடி தேத்தண்ணி குடிக்கிற இடத்தை மாற்றினார். கலியாணம் முடித்த நாளிலிருந்து விடிய சுபஹுத் தொழுதுவிட்டு வந்தால் குசினி வாசலில்தான் நிற்பார். "ஒண்டு பத்து," என்பார். நாச்சியா அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை இழுத்து, பீடியைத் தன் வாயில் வைத்து ரெண்டு இழுவை இழுத்து, நுனி சிவந்த பிறகு கையை வாசல் பக்கம் நீட்டுவாள். திரும்பியும் பார்க்கமாட்டாள். நீட்டிய இடத்தில் அவருடைய கை இருக்கும். மத்தியானம் சோறு தின்றால் ஒன்று. பின்னேரம் வயலால் வந்தால் ஒன்று. முதல் பெரும்போகத்தில், நனைந்து சேறும் கையுமாக வந்து நின்ற புது மாப்பிள்ளைக்கு நெருப்பெட்டியைத் தொடமுடியவில்லை. அன்று பதினெட்டு வயதுப் பிள்ளை, இருமிக்கொண்டே பற்றவைத்துக் கொடுத்தாள். அன்று தொடங்கியது. பீடி ஒருக்கா இழுத்தால் பற்றாது என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது அவருக்குத் தேத்தண்ணி முன்வாசலில். றுஸ்னா கொண்டுவந்து வைத்தாள். பீடி இல்லாத தேத்தண்ணி சுடுதண்ணி மாதிரி இருந்தது. குடித்துவிட்டுக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கராம்பை மென்று மென்று நாக்கு மரத்துப்போனது. கைக்கு வேலையென்று கிழிந்த சாக்கெல்லாம் எடுத்துத் தைத்தார். தைத்த சாக்கைத் திரும்பப் பிரித்துத் தைத்தார். இருமல் நெஞ்சைக் கிளப்பியது. றுஸ்னா வளவு கூட்டினால் கோபம், கூட்டாவிட்டால் கோபம். வட்டையில் ஒரு பொடியன் ஸலாம் சொன்ன விதம் சரியில்லையென்று அவனுடைய வாப்பா வரைக்கும் பேச்சுப் போனது.

வரம்பில் ஜுனைட் இருந்தான். பக்கத்து வயல்காரன், அவரோடு சேர்ந்து பீடி குடித்தே பல்லுக் கறுத்தவன். காற்று இவர் முகத்துக்கு வருகிற பக்கமாகப் பார்த்துக் குந்திக்கொண்டு புகையை விட்டான்.

"விதானையார், விட்டா உடம்பு தாங்காது. என்ட மூத்தாப்பா விட்டாரு, மறு வருசம் மௌத்து."

"உன்ட மூத்தாப்பாக்குத் தொண்ணூறு தாண்டிட்டு," என்றார் விதானையார்.

"அதான். விடாட்டி இன்னம் இருந்திருப்பாரு."

பகிடிதான். ஆனால் அன்று ஒரு பீடியை உருவி நீட்டிக்கொண்டே இருந்தான். விதானையார் காலைப் பார்த்தார். கட்டிய துணிக்குள் விரல் துடித்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி நடந்துவிட்டார். இவன் ஏன் என்னைக் குடிக்க வைக்கப் பார்க்கிறான், அடுத்த விதானை வேலைக்கு நிற்கப்போகிறானோ என்று வீடு வரும் மட்டும் யோசித்தார்.

வீட்டில் நாச்சியாவும் சரியில்லை. அதையும் கவனித்தார். ஆணத்தில் உப்பு ரெண்டு தரம் விழுந்தது. கோப்பை ஒன்று உடைந்தது, அடுத்த நாள் இன்னொன்று. தலையைச் சீலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தாள். இவர் ஒன்று கேட்டால் மற்றப் பக்கம் பார்த்து ஒன்று சொன்னாள். நித்திரை இல்லாமல் புரளுவது இவர் ஒருவர் இல்லை என்பதும் தெரிந்தது. மகளும் மருமகனும் சேர்ந்து இவளிடம் எதையோ சொல்லி வைத்திருக்கிறார்கள், அதை மறைக்க இவளால் முடியவில்லை என்று முடிவு கட்டினார். பின்னறையைக் கேட்கிறார்களோ. காலை வெட்டுகிறதென்று முடிவே பண்ணிவிட்டார்களோ.

*

பீடி மணம் திரும்ப வந்தது. பிறகும் வந்தது. எப்போதும் ஒரு இழைதான், மத்தியானத்தில், காற்று விழுந்து எழும்புகிற நேரத்தில். நளீம் சோறு தின்ன வீட்டுக்கு வருவதும் அந்த நேரம்தான். சோறு தின்றுவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பான். திரும்பி வரும்போது வாயில் ஏலக்காய் மணக்கும். சோற்றுக்குப் பிறகு ஏலக்காய் மெல்லுகிறவன் எதை மறைக்கிறான்?

விதானையார் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். கிணற்றடி மூலையில், மதிலோரம், சேற்றைக் குழைத்து வழவழவென்று பூசினார். றுஸ்னா பார்த்துவிட்டு, என்ன வாப்பா செய்கிறீர்கள் என்றாள். தவளை வருகுது என்றார். அடுத்த நாள் பார்த்தால் நளீமின் செருப்படி இருந்தது. செருப்படிதான் இருந்தது, சாம்பலும் இல்லை, பீடிக்கட்டையும் இல்லை. கெட்டிக்காரன், மதிலுக்கு அப்பால் எறிகிறான் என்று நினைத்தார்.

பீடிக்கட்டை கிடைத்தது றுஸ்னாவின் கையில். வாழையடியில் கொட்டிக் கிடந்த சாம்பலுக்குள் பாதி எரிந்து கிடந்ததாம். ரெண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து முன்வாசலில் அவருக்கு முன்னால் வைத்தாள்.

"வாப்பா, இது என்ன?"

"உன்ட புருசனக் கேளு."

றுஸ்னாவின் முகம் சுருங்கியது. வாப்பா சாரன் மடியில் பீடி வைக்காமல் ஒரு நாள் வாழ்ந்ததில்லை, நளீம் ஒரு நாளும் பீடியைத் தொட்டதில்லை, இது ஊருக்கே தெரியும் என்றாள். அந்த மனிசன் கடையைப் பூட்டிப் போட்டுக் காரைத் தேடி ஓடுகிறார், வாப்பா அடுப்படியில் ஒளித்துக் குடிக்கிறீர்கள் என்றாள். சொல்லும்போதே அழுதாள். நளீம் உள்ளே இருந்து வந்து பீடிக்கட்டையைப் பார்த்தான்.

"மாமா, குடிச்சா குடிச்சதெண்டு சொல்லுங்க. கிளினிக்கில சொல்லத்தான் வேணும். ஒளிச்சா மருந்து புடிக்காது."

இதுதான் அவன் காத்திருந்த இடம் என்று விதானையாருக்குப் பட்டது. கிளினிக்கில் சொல்லுவான். டொக்டர் நாள் குறிப்பார். கால் போன மனிசன் வட்டைக்குப் போகமுடியாது. பின்னறையில் கிடப்பான், ஓம் மாமா என்று சொல்கிறவன் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு.

"நான் தொடல்ல," என்றார். "என்ட வாயால தொடல்ல. நீ நம்பாட்டி வெள்ளிக்கிழமை மஃரிப் தொழுதிட்டு வா. குர்ஆன் முஸ்ஹப எடு. நான் தொட்டுச் சொல்றன். நீயும் தொட்டுச் சொல்லு. மகளும் சொல்லட்டும், அவள்ட உம்மாவும் சொல்லட்டும். இந்த வீட்டில உள்ள அத்தின பேரும். வட்டையில எப்பிடியோ வீட்டிலயும் அப்பிடி."

"ஓம் மாமா," என்றான் நளீம்.

நாச்சியா குசினி வாசலில் நின்றாள். கையில் அகப்பை இருந்தது. அது ஒழுகி நிலத்தில் ஆணம் விழுந்துகொண்டிருந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்று, வட்டைக்கு ஒருக்காப் போய்விட்டு வருவதாகச் சொல்லி விதானையார் சைக்கிளில் வெளிக்கிட்டார். வாய்க்கால் வரைக்கும்கூடப் போகமுடியவில்லை. மிதிக்கிற மிதிக்கு விரல் உயிர் போனது. பாதி வழியில் இறங்கி உருட்டிக்கொண்டு திரும்பினார். முன்பக்கத்தால் வந்தால் றுஸ்னா கேள்வி கேட்பாள் என்று பின்வேலிக் கடப்பு வழியாக வளவுக்குள் வந்தார்.

வந்து நின்றதும் மணத்தது.

இந்த முறை இழை இல்லை. திரள். காற்று அடங்கிக் கிடந்தது. விதானையாருக்குக் கள்ளன் பிடிபட்ட சந்தோஷம்தான். நளீமின் மோட்டார் சைக்கிள் முன்பக்கம் நிற்பது மதில் சந்தால் தெரிந்தது. சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வரம்பில் கள்ளனுக்குப் பின்னால் போகிற மாதிரி நடந்தார். கிணற்றடியில் ஆள் இல்லை. பின் யன்னலால் பார்த்தார். நளீம் முன்னறையில், காற்றாடிக்குக் கீழே, வாயைத் திறந்துகொண்டு நித்திரை. பக்கத்தில் றுஸ்னா.

அப்படியென்றால்?

மூக்குத்தான் அவரைக் குசினி வாசலுக்குக் கொண்டுபோனது.

நாச்சியா அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தாள். முதுகு வாசல் பக்கம். கொள்ளியைச் சாய்த்துப் பிடித்து வாயில் இருந்த பீடியைப் பற்றவைத்தாள். ரெண்டு இழுவை. பிறகு, புகையை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், கையை வாசல் பக்கம் நீட்டினாள்.

நுனி சிவந்திருந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. வாங்க ஆள் இல்லாத கை. கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு அதை அடுப்புக்குள் போடுவாள், அதுதான் அவளுடைய முறை என்பது அவருக்கு அந்த நேரத்தில் முழுதும் விளங்கிவிட்டது. ஒன்று மட்டும் தவறி, சாம்பலோடு வாழையடிக்குப் போயிருக்கிறது.

இன்றைக்கு ஆள் இருந்தது. விதானையாரின் கை அவரைக் கேட்காமல் நீண்டது. விரலிடுக்கு பீடிக்கு இடம் விட்டு விரிந்தது. வாய் ஊறியது. இத்தனை நாளும் தின்ற கராம்பு, தைத்த சாக்கு, குடித்த தண்ணீர் எல்லாம் அந்த ஒரு சாண் தூரத்துக்கு இந்தப் பக்கம் கிடந்தது.

வாங்கினார். வாங்கி, அடுப்புக்குள் போட்டார்.

நாச்சியா திரும்பினாள். சீலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னப் பிள்ளை களவு தின்றுவிட்டு நிற்கிற மாதிரி நின்றாள்.

"கட்ட அடுப்பில போடச் சொன்ன," என்றார்.

"போடத்தான் எடுத்த. கை வரல்ல." அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னாள். பிறகு சொன்னாள், "நான் குடிக்கல்ல. அல்லா அறிய நான் குடிக்கல்ல. பத்தத்தான் செய்யிற. பத்தாட்டித் தலை வெடிக்கிது. கையெல்லாம் பதறுது. நீங்களும் இந்தப் பக்கம் வாறதில்ல."

குடிக்கவில்லை, பற்றத்தான் செய்கிறேன். நாற்பது வருஷமாக அவருக்கும் அந்தக் கணக்குத்தான். குடிக்கிறது அவர், பற்றுகிறது அவள். வீட்டில் வேறு ஆரும் குடிக்கிறார்களா என்று மிஸி கேட்டபோது, பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே பொய் சொல்லியிருக்கிறார். ஊரில் உள்ள வக்கடையெல்லாம் வெட்டினவன் எவன் என்று கண்டுபிடித்த மனிசன். சொந்த வீட்டு வக்கடையை வெட்டின மண்வெட்டி அவருடையது.

"இரவைக்கு முஸ்ஹபத் தொடச் சொன்னா நான் என்ன செய்யிற?" என்றாள் நாச்சியா. "பொய்ச் சத்தியம் பண்ண ஏலாது. மருமகனுக்கு முன்னால சொல்லவும் ஏலாது. அவன்ட உம்மா கேட்டா ஊரெல்லாம் கொண்டு போவா. கிழவி பீடி குடிக்கிறா எண்டு."

"வாயப் பொத்திட்டு இரி," என்றார் விதானையார். அதட்டித்தான் சொன்னார். வேறு மாதிரிச் சொல்ல அவருக்கு வராது. அரிசி வாளிக்குள் கையை விட்டு மிச்சக் கட்டை எடுத்து, ஒவ்வொன்றாக இல்லை, கட்டோடு அடுப்பில் வைத்தார். ரெண்டு பேரும் மூச்சை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு அது எரிந்து முடியும் மட்டும் நின்றார்கள்.

*

மஃரிப் தொழுதுவிட்டு நளீம் நேராக வீட்டுக்கு வந்தான். றுஸ்னா மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அலுமாரியிலிருந்து முஸ்ஹபை எடுத்து வைத்தாள். முக்காட்டைத் திருத்திக்கொண்டாள். நாச்சியா நடு அறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விதானையாரைத் தவிர ஒருத்தரும் உட்காரவில்லை.

விதானையார் காலை நீட்டிக் கதிரையில் இருந்தார். நளீம் மேசைக்கு முன்னால் நின்றான்.

"நான் முந்தித் தொடவா மாமா?"

"நில்லு."

காற்றாடி சுற்றியது. ஒழுங்கையால் ஒரு ஓட்டோ போனது. விதானையார் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார். அவர் தொடலாம். தொட்டு, என் வாயால் ஒரு பீடி தொடவில்லை என்று ஊர் கேட்கச் சொல்லலாம். அவ்வளவும் மெய். இந்த வயதில் இத்தனை சுத்தமான மெய் அவரிடம் வேறு இல்லை. தொட்டால் அடுத்தது நளீம். அவனும் தொடுவான். றுஸ்னா தொடுவாள். பிறகு எல்லாரும் கதவு நிலைப் பக்கம் திரும்புவார்கள்.

"நான் தொடமாட்டன்," என்றார்.

றுஸ்னா தகப்பனைப் பார்த்தாள். "ஏன் வாப்பா?"

"தொடமாட்டன் எண்டா தொடமாட்டன். முஸ்ஹப எடுத்து வை. மத்தாக்கள் தொடத் தேவையில்ல. வழமை அப்பிடித்தான்."

"அப்ப..." என்று தொடங்கிய றுஸ்னா முடிக்கவில்லை. முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கால் போகப் போகிறது, பேரப் பிள்ளை பார்க்க முந்தி வாப்பாவின் கால் போகப் போகிறது என்று தனக்குள் சொன்னாள். கதவு நிலையடியில் நாச்சியா ஒரு எட்டு முன்னுக்கு வந்தாள், வாய் திறந்தது. விதானையார் அவளை ஒரு பார்வை பார்த்தார். வக்கடையை வெட்ட வந்தவன் மண்வெட்டியைக் கீழே போடவைக்கிற பார்வை. அவள் நின்றுவிட்டாள்.

விதானையார் நளீமின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வென்ற ஆளின் சிரிப்பு எங்கேயாவது ஒரு ஓரத்தில் தெரியவேணுமே என்று தேடினார். கண்ணில் தேடினார், வாய்க் கடையில் தேடினார். கிடைக்கவில்லை. நளீம் முஸ்ஹபைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தான். வந்து கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினான்.

"கிளினிக்கில நான் சொல்லத்தான் வேணும் மாமா."

"சொல்லு."

"டொக்டர் ஏசுவாரு."

"ஏசட்டும்."

"இனிக் குடிக்காட்டிக் காணும்," என்றான் நளீம். "அவருக்கு முன்னால நான் உங்களுக்காகக் கதைக்கிறன். ஒருக்காத் தவறினாத் தவறினதுதானே."

விதானையார் அவன் பக்கம் குனிந்தார். ஏலக்காய் மணத்தது. இவன் ஏன் ஏலக்காய் மெல்லுகிறான் என்பது இன்னமும் விளங்காத ஒரு கேள்வியாகவே இருந்தது. அதை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார். முற்றாக எறியவில்லை.

*

அடுத்த நாள் சுபஹுத் தொழுதுவிட்டு விதானையார் முன்வாசலுக்குப் போகவில்லை. பின்பக்கம் வந்து குசினி வாசலில் பலகையைப் போட்டு இருந்தார். கச்சான் இன்னும் எழும்பவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, புண் கழுவ. நாச்சியா தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். தலையில் அந்தச் சீலைக் கட்டு. கைகளை ஒன்றுக்குள் ஒன்று பிசைந்துகொண்டிருந்தாள்.

பெனியன் பெட்டிக்கு அடியில் கிடந்த, மிஸி தந்த மட்டையை விதானையார் மடியில் கொண்டுவந்திருந்தார். ஒன்றை உடைத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"ரொபி மாதிரி மெல்லாத. காரம் வந்த உடனே கன்னத்துக்க ஒதுக்கு. தண்ணிய எடுத்துப் பக்கத்தில வை."

"இது என்ன சாமான்?"

"எனக்கும் தெரியாது. நான் இத நம்பல்ல." பிறகு சொன்னார், "அடுத்த கிளினிக்குக்கு நீயும் வாறாய். எனக்குத் துணைக்கு எண்டு வா. உள்ளுக்க போய் மிஸிட்ட நான் கதைக்கிறன், கதவச் சாத்திட்டு."

நாச்சியா அதை வாயில் போட்டாள். மென்றாள். காரம் ஏறினதும் முகத்தைச் சுளித்து, அவர் சொன்னபடி கன்னத்துக்குள் ஒதுக்கினாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கினது போல நின்றது. குந்தி இருந்து அவருடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கட்டை அவிழ்த்தாள். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றித் துணியால் ஒற்றினாள். ஒற்றியவள் நிறுத்தினாள். குனிந்து கிட்டப் பார்த்தாள்.

"இஞ்சாருங்க. ஓரம் சிவந்து வருது."

விதானையாரும் குனிந்து பார்த்தார். கறுப்புக்குச் சுற்றிவர, நெல் முளை கிளம்புகிற மாதிரி, புதுச் சதை. தொட்டுப் பார்த்தார். நொந்தது. விரல் எவ்வளவு நொந்தாலும் அந்த ஓரம் நேற்றுவரை மரத்துத்தான் கிடந்தது.

"மகளக் கூப்பிடட்டா?" என்றாள் நாச்சியா. "கண்டா சந்தோசப்படுவாள். வாப்பா குடிக்கல்ல எண்டும் வெளங்கும்."

"கூப்பிடாத. குடிக்கல்ல எண்டு வெளங்கினா, குடிச்ச ஆளத் தேடுவாள்." கட்டைச் சுற்றச் சொன்னார். "கிளினிக்கில டொக்டரே அவிட்டுப் பாக்கட்டும்."

வட்டையில் இன்று தண்ணீர் முறை மாற்ற வேண்டும். ஜுனைட் வரம்பில் குந்திக்கொண்டிருப்பான், காற்றுப் பார்த்து. இன்றைக்கு மற்றப் பக்கத்தால் போகலாம். நாச்சியா சுற்றி முடித்து அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள். விதானையார் எழும்பப் பார்த்தார். வலது காலை ஊன்றக் கூடாது, பிடிக்க ஒன்றும் இல்லை.

"கையத் தா புள்ள," என்றார்.

நாச்சியா அடுப்பைப் பார்த்தபடியே கையை வாசல் பக்கம் நீட்டினாள்.